மஞ்சள் தூளுக்கு வாட்ஸ்அப் சந்தை



ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் பெயர் மட்டுமே விலையைப் பெற்றுத் தந்துவிடாது. விரலி மஞ்சளைத் தூளாக்கி நேரே விற்க விழைவோர்க்கு வாட்ஸ்அப் நல்லதொரு சந்தை. ஆனால் அங்கே முகர்ந்து பார்த்து வாங்க வழியில்லை. ஆகவே எடை, விலை, அரைத்த நாள், தபால் செலவு யாவற்றையும் படத்துடனேயே எழுதிவிட வேண்டும். படத்திற்கு மெருகேற்ற வேண்டாம். உள்ள நிறமே போதும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் அவசியம்.

‘பிராட்காஸ்ட்’ முறையில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்போரை மட்டுமே சென்றடையும். ஆதலின் முதற் பொட்டலத்திலேயே எண் அச்சிட்ட சீட்டை வைத்து, பதிந்துகொள்ளுமாறு கேளுங்கள்.

பணம் அனுப்புவதாகக் கூறி யாரேனும் யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால் இணங்காதீர்கள். பணம் பெற அவ்வெண் தேவையில்லை. அழுத்தினால் நம் கணக்கிலிருந்தே பணம் போய்விடும்.