ட்ரிம்மர் சாகல, உள்ள இருக்குற செல்தான் செத்துப்போச்சு

தில்லை நகர்லேருந்து பேசுறேன். இந்த வாரம் ட்ரிம்மர். எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ரெண்டே நிமிஷத்துல நின்னுபோகுமே, அந்த ட்ரிம்மர்.

பெரும்பாலும் அதுல மோட்டாரும் பிளேடும் நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்குற ரீசார்ஜபிள் செல்தான் தேய்ஞ்சிருக்கும். அதை யாரும் மாத்திடக்கூடாதுன்னே ஸ்க்ரூவை ஸ்டிக்கருக்குக் கீழ ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கும்!

எங்க தெருவுல ஒரு அம்மா, படுத்த படுக்கையா இருக்குற கணவருக்கு அவங்களேதான் ஷேவ் பண்ணி விடுறாங்க. ரேசர் வச்சா அவர் தலையை அசைச்சுடுவார், வெட்டிடும்னு பயம். ட்ரிம்மர் பாதித் தாடையில நின்னா, மறுபடி சார்ஜ் ஏறுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் அவஸ்தை. கடையில "புதுசு வாங்கிக்கங்கம்மா"ன்னுட்டாங்க. நான் பிரிச்சுப் பார்த்தா, டபுள் ஏ சைஸ்ல ஒரே ஒரு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்.

இங்கதான் கவனம் வேணும். அதே சைஸ்ல லித்தியம் அயான் செல்லும் கிடைக்கும். 14500னு பேரு: 14 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். கச்சிதமா உள்ள உட்காரும். ஆனா நிக்கல் செல் 1.2 வோல்ட், லித்தியம் 3.7 வோல்ட். மோட்டாருக்கு மூணு மடங்கு அடி. அதைவிட மோசம், லித்தியத்துக்கு 4.2 வோல்ட்ல சார்ஜை நிறுத்தியாகணும். நிக்கலுக்குச் செஞ்ச சர்க்யூட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. செல் சூடாகலாம், தீயே பிடிக்கலாம். சைஸைப் பார்த்து வாங்காதீங்க, பழைய செல் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. மில்லி ஆம்பியர் ஹவர் கொஞ்சம் கூட இருந்தா பரவாயில்ல, சார்ஜ் ஏற நேரம் கூடும், அவ்வளவுதான்.

ரெண்டு முனையிலயும் நிக்கல் பட்டை வெல்ட் பண்ணின செல்லா கேட்டு வாங்குங்க. அந்தப் பட்டையில சால்டர் வைக்கலாம். செல் மேலயே நேரா வச்சா, சூடு உள்ள இருக்குற சீலைக் கெடுத்துடும். பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி ப்ளஸ் எந்தப் பக்கம்னு போன்ல ஒரு போட்டோ. ஒரு தடவை பிரிச்ச ட்ரிம்மரைக் குழாயடியில காட்டாதீங்க, தண்ணி உள்ள போயிடும். உங்களுதுல லித்தியம் இருந்தா, நெம்பி எடுக்காம மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

ஐரோப்பிய யூனியன் 2023ல ஒரு பேட்டரிச் சட்டம் போட்டாங்க. 2027 பிப்ரவரி 18லேருந்து, சின்னச் சாதனங்கள்ல பேட்டரியை வாங்கினவங்களே கழட்டி மாத்த முடியணும். தண்ணியில கழுவுற சில சாதனங்களுக்கு விலக்கு உண்டு, மெக்கானிக் மாத்த முடிஞ்சா போதும். நம்ம ஊர்ல 2022 பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சி பண்ற பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல வைக்குது. அதனால பழைய செல்லைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குறவங்ககிட்ட கொடுங்க.

அந்த அம்மா வீட்டு ட்ரிம்மர் இப்போ ஒரே மூச்சுல முழுத் தாடியையும் முடிக்குது. அடுத்த வாரம் எமர்ஜென்சி லைட், அதுக்குள்ள இருக்குறது வேற ஜாதி பேட்டரி.