விண்வெளிப் படமும் விலா நோகும் சிரிப்பும்

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

"இலக்கியம் பற்றிப் பேசுங்கள்; இல்லையேல் பாஸ் விதிகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கியம் பேச நம்மினும் கற்றோர் இம்மன்றத்தில் உளர். நாமோ மெட்ரிகுலேஷனோடு ஏட்டைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டவர். பாஸ் விதிகளைப் பேசப் புகுந்தால் கூட்டம் சண்டையில் முடியும். ஆகவே மூன்றாவதாக ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். விஞ்ஞானக் கற்பனைப் படங்களை வேடிக்கையாக அலசி அமெரிக்க நாட்டார் இணையத்தில் வெளியிடும் காணொளி விமர்சனங்களே அப்பொருள். ஏன் இதைத் தேர்ந்தோம் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். அவர்கள் இப்பொழுதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு விழாவில் 'செவ்வாயில் ஒரு திங்கள்' என்னும் நாடகம் நடைபெற்றது. ஒரு விஞ்ஞானி செவ்வாய் மண்டலம் சென்று ஒரு திங்கள் தங்கி மீளும் கதை. எழுதியவர் நாம். இரவு டியூட்டி முடிந்து வந்து, மூன்று மாத காலம் கண்விழித்து எழுதினோம். நாடகம் முடிந்த நான்காம் நாள், இக்காலனி இளைஞர் ஒருவர் அதனை ஒன்பது நிமிடக் காணொளியாகச் சுருக்கி, பிழைக்கு ஒரு மணி வீதம் ஒலிக்கச் செய்து, திரையின் ஓரத்தில் எண்ணிக்கையும் ஓட விட்டு, வாட்ஸப்பில் உலவ விட்டார். செவ்வாய்வாசியின் இடுப்பில் குவார்ட்டர்ஸ் சாவிக்கொத்து தொங்கியது ஒன்று. ராக்கெட்டின் விலாவில் எண்ணெய் டின்னின் முத்திரை தெரிந்தது ஒன்று. விஞ்ஞானி முகக் கவசத்தைக் கழற்றாமலே காப்பி அருந்தியது ஒன்று. இப்படி 43 பிழைகள். மறுநாள் நாம் அலுவலகத்துள் நுழைந்தபோது, சக எழுத்தர் ஒருவர் மேசை மணியைத் தட்டி வரவேற்றார்.

சினம் கொண்டோம். மறைப்பானேன்? காணொளியை நீக்க வேண்டும், இளைஞர் மன்னிப்புக் கோர வேண்டும் என்று செயற்குழுவுக்கு மனு எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டோம். அதைப் படித்துப் பார்த்த நம் மகள், "அப்பா, இதைக் கொடுப்பதற்கு முன் மூன்றே மூன்று விமர்சனங்களைப் பாருங்கள். அதன் பிறகும் கோபம் தணியாவிட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றாள். மூன்று முப்பதாயிற்று. அவ்வாறு கண்டதையும் கருதியதையுமே இங்குச் சொல்ல வந்தோம்.

இக்கலையின் மூதாதை இணையத்தில் பிறக்கவில்லை, தொலைக்காட்சியில் பிறந்தது. 1988-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துச் சிறு நிலையம் ஒன்றில், ஜோயல் ஹாட்ஜ்சன் என்பவர் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஆராய்ச்சிக் கூடத்துத் துப்புரவுப் பணியாளன் ஒருவனை அவனுடைய எசமானர்கள் விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மட்டமான படங்களாகப் பொறுக்கியெடுத்து அவனைப் பார்க்கச் செய்து, அவன் மனம் எந்த இடத்தில் உடைகிறது என்று ஆராய்வது அவர்கள் நோக்கம். துணைக்கு அவன் இயந்திர மனிதர்களைச் செய்துகொள்கிறான். படம் ஓடும், திரையின் கீழே, சினிமாக் கொட்டகையில் நமக்கு முன்வரிசையில் இருப்பார் தலை தெரிவது போல, அவனும் இரண்டு இயந்திரத் தோழர்களும் நிழலுருவாகத் தெரிவார்கள், படம் முடியும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. இதனை 1999 வரை தொடர்ந்து நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? நம் ரயில்வே இன்ஸ்டிடியூட் மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்ட காலத்தை நினைத்துக்கொண்டால் நம்பலாம். பின்னாலிருந்து ஒருவர் சொல்லும் ஒரு சொல்லுக்காகவே படத்துக்குப் போனவர்கள் இங்கு உண்டு.

அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களுள் 1953-இல் வந்த 'ரோபாட் மான்ஸ்டர்' ஒன்று. உலகை அழிக்க வந்த இயந்திர அரக்கனுக்கு உடை செய்யப் படக்காரர்களிடம் பணமில்லை. நடிகர் ஒருவரிடம் சொந்தமாகக் கொரில்லாக் குரங்கு உடை இருந்தது. அவரை அழைத்து, குரங்கு உடலின் மேல் தலைக்கவசம் ஒன்றைக் கவிழ்த்து, "இதுவே இயந்திர அரக்கன்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த அரக்கன் விஞ்ஞான சாதனம் என்று வைத்திருப்பதோ சோப்புக் குமிழி விடும் பொறி! படப்பிடிப்பு நான்கே நாளில் முடிந்தது. ஆயினும் இசையமைத்தவர் யார் தெரியுமா? மூன்றாண்டுக்குப் பின் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்த எல்மர் பெர்ன்ஸ்டைன். சிரித்துக்கொண்டே பார்த்தவர்களுக்கு நடுவில் அந்த இசையும் காதில் விழுந்திருக்கும் அன்றோ!

குரங்குக்குக் கவசம் மாட்டியதைக் கேட்டுச் சிரிக்கிறோம். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் கூட்டாக எடுத்த 'காடு' என்னும் படத்தில், நம் நாட்டு யானைகளுக்கு நீண்ட முடியைப் போர்த்தி, ஆதிகாலத்து மாமத யானைகளாக்கிக் காட்டினார்கள். 1963-இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் பானுமதி அம்மையாரின் பாட்டுக்காக அவரை விண்வெளிக்கே தூக்கிச் சென்றார்கள். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் குரலுக்கு யாரும் வருவார்கள்.

இனி இணையத்துக்கு வருவோம். யூடியூப் 2005-இல் தோன்றிற்று. 2009 டிசம்பரில் மில்வாக்கி நகரத்து மைக் ஸ்டொக்லாசா என்பவர், 'ரெட் லெட்டர் மீடியா' என்னும் தம் குழுவின் பெயரால், 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1999-இல் வந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்துக்கு ஒரு விமர்சனம் வெளியிட்டார். அதன் நீளம் 70 நிமிடம்! ஏழு துண்டுகளாக வந்தது. பிளிங்கெட் என்னும் கிழவனாக வேடம் பூண்டு, நாக்குழறும் குரலில் அவர் பேசுகிறார். அக்கிழவன் நல்லவன் அல்லன். குடும்பத்தோடு கேட்கத் தகாத பேச்சும் இடையிடையே வரும். அவ்விடங்களில் நம் மகள் விரைந்து ஓட்டிவிட்டாள். ஆயினும் அந்த எழுபது நிமிடத்தில் ஓரிடத்தில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கிழவன் சிலரை அழைத்து ஒரு சோதனை வைக்கிறான். "படத்தில் வரும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் தோற்றத்தைச் சொல்லக்கூடாது, உடையைச் சொல்லக்கூடாது, தொழிலைச் சொல்லக்கூடாது. அவர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல்லுங்கள்." 1977-இல் வந்த முதற் படத்து ஹான் சோலோவைக் கேட்டால் சொற்கள் மளமளவென்று வருகின்றன: துடுக்கன், தன்னலக்காரன், ஆனாலும் நல்ல நெஞ்சம் உடையவன். 1999 படத்துக் குரு க்வை-கான் ஜின்னைக் கேட்டால் ஆளுக்கு ஆள் விழிக்கிறார்கள். அரசி அமிடாலாவைக் கேட்டாலும் அதே விழிப்பு. தலையலங்காரத்தைச் சொல்லக்கூடாது என்றால் அரசியிடம் சொல்ல என்ன இருக்கிறது? நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏனோ வயிற்றில் ஏதோ பிசைந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இந்த விமர்சனத்துக்கு ரசிகர் ஒருவர் 108 பக்கத்தில் மறுப்பு எழுதினார். நூற்றெட்டு என்ற எண் அமெரிக்கருக்கு எங்ஙனம் வாய்த்தது என்று தெரியவில்லை. எழுபது நிமிடக் கேலிக்கு நூற்றெட்டுப் பக்க மறுமொழி எழுதுகிறார் என்றால், இருவருமே அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்!

மற்றொரு வகையும் உண்டு. 2012-இல் 'சினிமா சின்ஸ்' என்று ஒரு கூட்டத்தார் தொடங்கினார்கள். ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு மணி, ஓரத்தில் எண்ணிக்கை, முடிவில் படத்துக்கு ஒரு தண்டனை. நம் இளைஞர் எங்கே பாடம் கற்றார் என்பது இப்பொழுது விளங்குகிறதா? முதலில் இரண்டு நிமிடத்தில் முடித்தவர்கள் பின்னர் கால் மணி, இருபது நிமிடம் என்று வளர்ந்துவிட்டார்கள். 2017-இல் கிங்காங் படம் ஒன்றை அவர்கள் எண்ணிக் காட்டியபோது, இயக்குநர் ஜோர்டன் வோட்-ராபர்ட்ஸ் பொறுக்கமாட்டாமல் ட்விட்டரில் வரிசையாக எதிர்ப்பெழுதினார். அதைப் படித்தபோது நம் மனுவின் நடை நினைவுக்கு வந்தது.

இவ்வகையில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. இருபது ஆண்டாகத் தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதி வருகிறவர் நாம். ஒரு வேகன் சரக்கு காணாமற் போனதும் அதில் ஒரு பத்தி. ரப்பர் முத்திரை தலைகீழாக விழுந்ததும் ஒரு பத்தி. படிப்பவனுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். நாற்பத்து மூன்று என்று எண்ணிச் சொல்வதில் இந்த அநீதி இருக்கிறது. இதை அந்த இளைஞரிடம் நேரிலேயே சொல்லிவிட்டோம், அவரும் தலையாட்டினார்.

ஆயினும் அங்கும் ஒரு நல்ல செய்தி கண்டோம். 2013-இல் வந்த 'கிராவிட்டி' படத்தைக் குற்றம் காண, நியூயார்க் கோளரங்கத்து இயக்குநரான வானியலறிஞர் நீல் டிகிராஸ் டைசனையே அக்கூட்டத்தார் அழைத்து வந்தார்கள். படம் வெளிவந்த போதே அவர் பிழைகளைச் சுட்டியவர். ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு, நாம் முதல் நடைமேடையிலிருந்து இரண்டாம் நடைமேடைக்குப் போவது போலக் கதைமாந்தர் போய்ச் சேருகிறார்கள். உண்மையில் அப்பொழுது ஹப்பிள் சுற்றியது ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில், நிலையம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில். இரண்டின் பாதைச் சாய்வும் வேறு. நிலநடுக்கோட்டுக்கு ஒன்று 28.5 பாகை, மற்றொன்று 51.6 பாகை. தண்டவாளமே வேறு என்க! எடையற்ற வெளியில் எல்லாம் மிதக்கக் கதாநாயகியின் கூந்தல் மட்டும் ஏன் மிதக்கவில்லை என்றும் அவர் கேட்டார். இவ்வளவும் கேட்டவர், தாம் அப்படத்தை மிகவும் ரசித்ததாகச் சொன்னதோடு, விஞ்ஞான அளவில் குற்றம் காணப்படும் தகுதியை ஒரு படம் பெறுவதே அதற்குப் பெரிய பாராட்டு என்னும் கருத்துப்படவும் எழுதினார். இதைப் படித்த இரவு நாம் மனுவை எடுத்து மேசையறைக்குள் வைத்தோம். கிழிக்கவில்லை, வைத்தோம்.

கனடா நாட்டு ரையன் ஜார்ஜ் என்பவர் 2017 முதல் செய்யத் தொடங்கிய 'பிட்ச் மீட்டிங்' பற்றியும் ஒரு சொல். கதாசிரியரும் அவரே, தயாரிப்பாளரும் அவரே. "இந்த ஆபத்திலிருந்து தப்புவது கதாநாயகனுக்குக் கடினமாயிற்றே?" என்று தயாரிப்பாளர் வினவுவார், மிகச் சுலபம் என்று கதாசிரியர் மலர்ந்த முகத்தோடு கூறுவார். நம் விஞ்ஞானி செவ்வாயிலிருந்து திரும்பி வந்த விதம் நினைவுக்கு வர, அந்தக் காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டோம்.

வயிற்றைப் பிசைந்த செய்திக்கு வருகிறோம். பிளிங்கெட் கிழவனின் சோதனையைக் கண்ட பிறகு, நம் நாடகத்தின் மீது வந்த ஒன்பது நிமிடத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். முதன்முறை சினத்தால் இறுதிவரை பார்த்திருக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது பிழைக்கு அந்த இளைஞர் மணி அடிக்கவில்லை. விஞ்ஞானியின் மனைவி வரும் மூன்று காட்சிகளையும் வரிசையாகக் காட்டுகிறார். மூன்றிலும் அவள், "காப்பி ஆறிவிடும்" என்கிறாள். கணவன் செவ்வாய்க்குப் புறப்படும் காட்சியிலும் அதையே சொல்கிறாள். "சேலையை விட்டுவிடுங்கள், டம்ளரை விட்டுவிடுங்கள், இவர் எப்படிப்பட்டவர்?" என்று ஒரு கேள்வி. அத்தோடு காணொளி முடிந்துவிடுகிறது.

நம்மிடம் விடை இல்லை. எழுதியவரிடமே இல்லை. அடுக்களையில் இருந்த நம் இல்லத்தரசியிடம் போய், "நீ அன்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாயே, இது உனக்குத் தெரிந்ததா?" என்று கேட்டோம்.

"எழுதும்போதே தெரிந்தது. நீங்கள் கேட்கவில்லை" என்றாள்.

"நீயாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்வாய்?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்கள் அங்கேயே தங்கிவிட்டால், இந்தக் குவார்ட்டர்ஸை எத்தனை மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள் என்று கேட்பேன்" என்றாள்.

தாய்மார்கள் பக்கம் எழுந்த இந்தச் சிரிப்பொலி, எழுதியவருக்குச் சென்ற ஆண்டு முழு நாடகத்திலும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் அன்று சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நம் தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானார். இதே காலனியில், வேறொரு வீட்டிலிருந்து, நம் அன்னையார் பாத்திரம் பண்டங்களோடு வெளியேறியதை அவள் நம் வாயாலேயே கேட்டிருக்கிறாள்.

மேசையறையிலிருந்து மனுவை எடுத்தோம். அதன் பின்புறம் வெறுமையாக இருந்தது. அதிலேயே இரண்டாம் அங்கத்தைத் திருத்தி எழுதத் தொடங்கினோம். இப்பொழுது விஞ்ஞானியின் மனைவிக்கு ஒரு பெயர் உண்டு. பதினோரு வினாக்கள் உண்டு. அவற்றுள் நான்குக்கு விஞ்ஞானியிடம் பதில் இல்லை. முகக் கவசத்தோடு காப்பி அருந்தும் காட்சியை மட்டும் நீக்கவில்லை. அதற்கு மணி அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இவ்வாண்டு விழாவில் அரங்கேற்றுமுன் பிழை பார்த்துத் தருமாறு, கையெழுத்துப் பிரதியை அந்த இளைஞரிடமே கொடுத்திருக்கிறோம். நேற்றிரவு அவரிடமிருந்து செய்தி வந்தது: "மாமா, முதல் அங்கத்தில் மட்டும் 17."

அந்தப் பதினேழையும் விழாவுக்குள் பார்த்து முடிக்க வேண்டியிருப்பதால் இத்துடன் விடைபெறுகிறோம்.