பெயரே முதலீடு

நிஜ தாதாக்களின் வாழ்க்கையைப் படமாக்குவது ஊருக்குப் பாடமா, தாதாவுக்கு விளம்பரமா? பாடம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு, “கடைசியில் ஜெயிலுக்குப் போவதையும் காட்டுகிறார்களே” என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிப் போனார் எதிரணி அம்மையார். அம்மா, இரண்டு மணி நேரம் தலைவாழை இலையில் பரிமாறிவிட்டு, கை கழுவும் இடத்தில் “அளவோடு சாப்பிடுங்கள்” என்று பலகை மாட்டினால் அதற்குப் பெயர் பத்திய உணவா?

லண்டன் க்ரே சகோதரர்களையே எடுத்துக்கொள்வோம். ரோனி, ரெஜி, 1933இல் பிறந்த இரட்டையர், பெத்னல் கிரீனில் வளர்ந்தவர்கள். இவர்களைப் பற்றி 1990இல் ‘தி க்ரேஸ்’, 2015இல் ‘லெஜண்ட்’ என்று இரண்டு பெரிய படங்கள். இவர்கள் பார்த்த தொழில் மாமூல் வசூல். அதற்குக் கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். பெயர் ஒன்றுதான் முதலீடு. அதைக் கேட்டதும் கடைக்காரன் கல்லாவைத் திறக்க வேண்டும், கண்ணால் பார்த்தவன் வாயை மூட வேண்டும். 1966 மார்ச்சில் ஒயிட்சேப்பலின் ‘பிளைண்ட் பெக்கர்’ மதுக்கடைக்குள் நுழைந்து ஜார்ஜ் கார்னலைத் தலையில் சுட்டான் ரோனி. போலீஸ் விசாரித்தபோது அடையாளம் காட்ட ஆளில்லை. அங்கே வேலை பார்த்த பெண் சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னது, இரட்டையர் உள்ளே போன பிறகுதான். துப்பாக்கி கொன்றது ஒருவனை. மற்றவர்களை ஊமையாக்கியது பெயர். அந்தப் பெயருக்கு மெருகேற்றத்தான் இரவு விடுதி நடத்தினார்கள், பிரபலங்களோடு தோளில் கைபோட்டு நின்றார்கள், 1965இல் டேவிட் பெய்லியின் கேமராவுக்குக் கோட்டு சூட்டில் முறைத்தார்கள். 1964இல் ரோனிக்கும் பூத்பி பிரபுவுக்கும் இருந்த தொடர்பைத் தொட்ட ‘சண்டே மிரர்’ பத்திரிகை, பிரபுவிடம் மன்னிப்புக் கேட்டு 40,000 பவுண்டும் கட்டியது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே பத்திரிகைகள் பயந்தன. எழுதினாலும் இவர்களுக்கு லாபம், எழுதாவிட்டாலும் லாபம்!

அப்படிப்பட்டவர்களைத் திரையில் ஏற்றினால் அது எச்சரிக்கை ஆகுமா? ஆகாது, தொழில் விரிவாக்கம்தான் ஆகும். முதல் படம் வந்தபோது இருவரும் உயிரோடு கம்பிக்குள் இருந்தார்கள். படத்துக்கான பணம் அவர்களுக்கும் போனது. நடித்தவர்களோ ஊரே கொண்டாடிய பாப் இசைக்குழுவின் கெம்ப் சகோதரர்கள்! “ராவணன் இல்லாமல் ராமாயணமா?” என்று உரக்கக் கேட்டார் எதிரணி அண்ணன். நல்ல கேள்வி. ஆனால் அண்ணே, ராவணன் கம்பரிடம் ராயல்டி வாங்கவில்லையே! கவிச்சக்கரவர்த்தியை எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்? கதைக்கு வில்லன் வேண்டும்தான். வில்லனே பங்குதாரராக இருந்தால் அது என்ன கதை?

‘லெஜண்ட்’ படத்தில் டாம் ஹார்டிக்கு இரட்டை வேடம். அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்ளும்போது, ஒரே ஆள் தன்னைத்தானே எப்படி அடித்தான் என்றுதான் நாம் வாய்பிளக்கிறோம். ரெஜி கத்தியால் குத்திக் கொன்ற ஜாக் மெக்விட்டியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்களில் அதைத் தேடுகிறவர் யார்?

ரெஜியின் மனைவி பிரான்சஸின் குரலில்தானே அந்தப் படம் நகர்கிறது, பாதிக்கப்பட்டவளே பேசுகிறாளே என்று கேட்கலாம். 1967இல், 23 வயதில், அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கிச் செத்தவள் அந்தப் பெண். செத்த பிறகும் அவளை விடவில்லை. புருஷன் கதைக்குப் பின்னணிக் குரல் கொடுக்க வைத்தார்கள்! இதற்குப் பெயர் நீதியாம். 1995இல் ரோனியின் சவ ஊர்வலம் கறுப்புக் குதிரைகள் பூட்டிய வண்டியில் போனபோது, கிழக்கு லண்டன் தெருக்களில் கூட்டம் அலைமோதியது. ‘தி க்ரேஸ்’ வெளிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடம் படித்த ஊர், பாருங்கள்!

பாடம் என்றால் பரீட்சை உண்டல்லவா? எதிரணியில் மூவரும் படம் பார்த்ததாகச் சொன்னார்கள். 1968 மே மாதம் இந்த இருவரையும் பிடித்துக் கூண்டில் ஏற்றிய போலீஸ் அதிகாரி யார்? சத்தமே இல்லையே! லெனர்ட் ரீட். நானே சொல்லிவிட்டேன், அடுத்துப் பேச வருகிற அண்ணன் மேடைக்குக் கீழே கைபேசியில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.