முன்பாட்டும் பின்பாட்டும்



மார்கழித் திருவாதிரையை இறுதியாகக் கொண்ட பத்து நாட்களிலும், பொழுது புலருமுன்பே திருகோணமலைத் தெருக்களில் சங்கொலியும் சேமக்கல ஓசையும் எழும். அவற்றின் பின்னே பாட்டொலி வரும். திருவெம்பாவை பாடிச் செல்லும் அக்கூட்டத்தில் இசையை முறையாகப் பயின்றோர் ஒருவரோ இருவரோ இருப்பர். எஞ்சியோர் கடைக்காரர், துறைமுகத் தொழிலாளர், எழுதுவினைஞர், மாணவர், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்து வரும் பாட்டிமார். முன்னிற்பவர் ஓரடி பாடுவார். பின்னிற்போர் அதனை வாங்கிப் பாடுவர். பின்பாட்டுக்கு ஆட்குறை இல்லை. நாற்பது பேர் வந்தாலும் வருவர். "இன்று நீங்கள் முன்னே நின்று பாடுங்கள்" என்று எவரையேனும் அழைத்துப் பாருங்கள். நாற்பது பேரும் சேமக்கலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பர்.

இத்தயக்கத்திற்கு எங்கள் ஊரில் தனியே ஒரு காரணமும் உண்டு. ஊரடங்கு நிலவிய ஆண்டுகளில் விடியற்காலத்தில் வெளியே செல்ல இயலாமற் போயிற்று. பாட்டு கோயில் மண்டபத்துள்ளும் வீட்டு விறாந்தையிலும் ஒதுங்கியது. முன்பாட்டுப் பாடிய முதியோர் மறைந்தனர். இளையோர் பலர் பிற நாடுகளுக்குப் போயினர். இடையில் ஒரு தலைமுறை, பாட்டை மனப்பாடமாக அறிந்தும் முன்னின்று பாடிப் பழகாமலே வளர்ந்துவிட்டது. நானும் அத்தலைமுறையைச் சேர்ந்தவள். இசைபற்றிப் பேச எனக்குள்ள உரிமை சிறிதே. நான் கலைப் பட்டம் பெற்று, வரலாறு கற்பித்து, பின்னர் அதிபரானவள். பாட வராது என்று முப்பது ஆண்டுகள் நம்பியிருந்தவள் என்பதே இன்றைய பேச்சுக்கு எனக்குள்ள தகுதி.

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது பரிசளிப்பு விழா ஒன்றுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக்கினார்கள். பழக்கிய ஆசிரியை என் அருகே வந்து, செவி சாய்த்துக் கேட்டு, "நீ வாயை மட்டும் அசை, பிள்ளை, சத்தம் வேண்டாம்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, தலையைத் தடவிவிட்டே சொன்னார். அன்று முதல் நான் வாயை மட்டும் அசைத்தேன். கோயிலிலும் அசைத்தேன். என் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட வேண்டிய காலத்திலும் முணுமுணுப்புக்கு மேல் குரல் எழவில்லை.

இதனினும் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஆசிரியையாகிய பின்னர் நானும் ஒரு மாணவனிடம் அதே சொற்களைச் சொன்னேன். குழுப் பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். அவன் குரல் மற்றவர்களோடு சேரவில்லை. போட்டியோ இரண்டு நாளில். எனக்குச் சொல்லப்பட்டது என் வாயில் தானாக வந்தது. அவன் தலையசைத்தான். நாங்கள் போட்டியில் வென்றோமா என்பது இன்று நினைவில் இல்லை; அவன் தலையசைத்தது நினைவிலிருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து, வைகாசி மாதத்து ஒரு காலையில், நகருக்கு வடக்கே கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலையின் கயிறு மிக நீளமானது. இரு புறமும் பலர் ஒரே கணத்தில் விசையிட்டால்தான் வலை கரையை நோக்கி நகரும். அந்த ஒரே கணத்தைத் தருவது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார். ஏனையோர் ஒரு சொல்லாலோ ஓர் ஓசையாலோ ஏற்பர். ஏற்கும்போதே கால் மணலில் ஊன்றும், கை இழுக்கும். அன்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அந்த மாணவன். அவனுடைய சுரம் அப்போதும் சற்றே விலகித்தான் நின்றது. நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அவன் இடம்விட்ட இடத்தில் இருபது பேரின் குரல் வந்து விழுந்தது. என்னைக் கண்டதும் சிரித்து, "டீச்சர், கயிற்றைப் பிடிக்கிறீங்களா?" என்றான். பிடித்தேன். அந்தக் கடற்கரையில் நானும் பாடினேன். என்ன பாடினேன் என்று எவரும் கேட்கவில்லை.

பாட வராது என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளுள் சுர வேறுபாட்டை உண்மையாகவே உணர இயலாதோர் மிகச் சிலரே. மற்றையோர்க்குச் செவி கேட்டதைத் தொண்டை இன்னும் பற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போது நான் கையாளும் முறை எளிது. பிள்ளையை என் சுரத்துக்கு இழுப்பதில்லை. "ஓ" என்று ஒரு குரல் நீட்டச் சொல்லி, அவனிடமிருந்து எந்தச் சுரம் வருகிறதோ அதை நான் பிடித்துக்கொள்கிறேன். வேறிருவரையும் அதே சுரத்தில் சேர்க்கிறேன். தன் குரலும் பிறர் குரலும் ஒன்றாதல் என்பது எப்படியிருக்கும் என்று அவன் அப்போதுதான் முதன்முதலாக அறிகிறான், முகத்திலேயே தெரியும். அதன்பின் நால்வரும் சேர்ந்து ஒரு படி மேலே செல்வோம். மூன்று நான்கு கிழமைகளில் பெரும்பாலார் வழிக்கு வந்துவிடுவர். எனக்கும் எவரேனும் இதனைச் செய்திருக்கலாம்.

இனி முன்னிற்பதைப்பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்குப் பல ஆண்டு முன்பாட்டுப் பாடிய பெரியவருக்குத் தொண்டை நலிந்தபோது, ஒரு மார்கழியில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதிபர் என்றால் எதற்கும் முன்னிற்பார் என்று எண்ணினார்கள் போலும். அச்சத்தில் குரல் உயர்வது இயற்கை. நான் எடுத்த எடுப்பிலேயே பெண்களுக்கும் எட்டாத இடத்தில் தொடங்கிவிட்டேன். இரண்டாம் பாட்டில் ஆடவர் நின்றுவிட்டனர். மூன்றாம் பாட்டின் நடுவில் என் குரலும் பிளந்தது. கூட்டம் அமைதியாயிற்று. அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்கை வாங்கி நீண்ட நேரம் ஊதினார். ஊதி முடிந்ததும் என் காதருகே, எவருக்கும் கேளாதபடி, தாழ்ந்த ஒரு சுரத்தை முனகினார். அதைப் பிடித்துக்கொண்டு நான்காம் பாட்டைத் தொடங்கினேன். தெருவில் நின்ற எவரும் அங்கே ஒரு பிழை திருத்தப்பட்டதென்று அறிந்திருக்கமாட்டார்கள்.

கச்சேரி பாடும் ஆடவர்க்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இயல்பு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஊர்க்கூட்டத்துக்கு இரண்டும் முழுதாகப் பொருந்தா. பாட்டின் மிக உயர்ந்த சுரம் எதுவோ அதனைக் கூட்டத்திலுள்ள மெலிந்த குரல் எட்டுமா என்று முதல்நாள் மாலையே பார்த்து, அங்கிருந்து கீழிறங்கித் தொடக்கச் சுரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடியற்காலத்துத் தொண்டை மாலைத் தொண்டையினும் தாழ்ந்து நிற்பதால் இன்னும் ஓர் அரைக் கட்டை குறைத்துக்கொள்வது நலம். எங்கள் நகரத்துத் தேவாலயங்களில் பாட்டுத் தொடங்குமுன் ஓர்கன் வாத்தியத்தில் அச்சுரத்தைச் சிறிது ஒலித்துக் காட்டுவர். அதைக் கேட்டே நானும் சுருதிப்பெட்டியைத் தொடக்கத்தில் சில கணம் தனியே ஒலிக்கவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தாளைப் பார்த்துப் பாடுவதும் எங்களுக்கு உதவாது. தமிழ்நாட்டில் மார்கழி பனிக்காலம். எங்களுக்கோ வடகீழ்ப் பருவமழை. குடையும் சங்கும் சேமக்கலமும் பிடித்த கைகளில் புத்தகத்துக்கு இடமில்லை. கோட்டைக்குள் புகுந்து சுவாமி மலையில் ஏறினால் கடற்காற்று குரலை அள்ளிக்கொண்டு போகும். அங்கே முன்பாட்டுக்காரர் கூட்டத்தை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். அவர் மூச்சு வாங்குவது எல்லார் கண்ணிலும் பட வேண்டும். எப்போது தொடங்குவது என்பதைக் கையினும் நன்றாக மூச்சே காட்டும். 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கோத்தன்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடும் இளையோரின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தனர். பாட்டின் அடிகள் மூச்சை ஒழுங்குபடுத்த, துடிப்பின் வேகம் ஏறுவதும் இறங்குவதும் பாடுவோரிடையே ஒத்துச் செல்வதைக் கண்டனர். இவ்வொலிவாங்கியின் முன் தனியே அமர்ந்திருக்கும் எனக்குக் கை சில்லிட்டிருப்பதன் காரணமும் அதிலிருந்து விளங்குகிறது.

அச்சுவாமி மலைமேலுள்ள கோணேசரைப் பாடிய ஞானசம்பந்தர் கடல் கடந்து இங்கு வந்தாரல்லர். இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. புறநீர்மைப் பண்ணில் அமைந்த அப்பதிகத்தைப் பூபாளத்தில் பாடுவர். அதுவும் விடியற்கால இராகமே. 1624இல் போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்து அக்கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோயினர். புதுக்கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கோயில் அங்கே இல்லை; பதிகம் மக்கள் வாயில் இருந்தது.

சம்பந்தருடன் யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். யாழின் சிறப்பாலேயே பதிகம் சிறக்கிறது என்று அவருடைய உறவினர் பேச, மனம் வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டினார். அவ்வாறு பாடப்பட்டதே யாழ்மூரி. வாசிக்க இயலாத பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து வாங்கி, இயன்ற அளவில் வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். நம் நகரத்து இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த விபுலானந்த அடிகள், பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ் நூலால் பழந்தமிழர் யாழை நமக்கு மீட்டுத் தந்தார். நானோ அந்த யாழைத் திருப்பிக் கொடுத்த கையையே அடிக்கடி நினைக்கிறேன். முன்னிற்பவர் கற்க வேண்டிய பாடங்களுள் எனக்கு மிகவும் கடினமாயிருந்தது அதுதான். என் குரல் தேறியபின் பிறரைப் பாடவிடாமல் நானே முழுதும் பாடிய மார்கழி ஒன்றும் இருந்தது.

திருவெம்பாவையின் முற்பகுதி முழுதும் கதவடியில் நின்று தோழியை எழுப்பும் பேச்சே. உள்ளிருப்பவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வெளியே நிற்பவர்கள், நீயே வந்து எண்ணிப் பார், குறைந்தால் திரும்பிப் போய் உறங்கு என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஆகையால் அந்த நான்காம் பாட்டிலிருந்தே அவர்களை முன்னிறுத்தத் தொடங்கினேன். முதல் ஆண்டு இருவர் இருவராக ஓரடி மட்டும் எடுத்துக் கொடுப்பர். மறு ஆண்டு ஒரு முழுப் பாட்டு. சொல் மறந்தால் நிறுத்தக்கூடாது, வாய் திறந்தபடியே இருக்க வேண்டும், பின்னிற்போர் சொல்லைத் தருவர் என்பது ஒன்றே கட்டளை. சிலர் மறந்ததுண்டு, பின்னிற்போர் தராமல் விட்டதில்லை.

வருகின்ற மார்கழிக்கு ஆறு பேர் ஆயத்தமாகின்றனர். கடைசி நாள் முழுதும் முன்பாட்டுப் பாட ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் பாட்டின் நடுவில் அவள் இன்னும் தடுமாறுகிறாள். நான் பின்வரிசையில் நிற்கப்போகிறேன். சங்கை அவளிடம் கொடுப்பதா, என்னிடமே வைத்துக்கொள்வதா என்பதுதான் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.