மழைச்சொல்லும் மழையளவும்

(உழவர் அவையொன்றில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துருவம்)



"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." வானொலியில் இத்தொடர் ஒலித்த அளவிலே திண்ணையில் இருப்பார் நகைப்பர். பெய்தாலும் பெய்யும், பெய்யாது போனாலும் போகும் என்று சொல்வதற்கு ஒரு நிலையமா, விண்ணிலே ஒரு செயற்கை மதியா என்று எள்ளுவர். அந்நகைப்புப் பொருந்தாது. அத்தொடர் மழுப்பல் அன்று. எண்ணை உள்ளடக்கிய சொல்.

ஒரு வட்டாரத்து மழையளவு நிலையங்களுள் காற்பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதியுமாயின் அஃது 'ஓரிரு இடங்கள்'. அரைப்பங்கு வரை 'சில இடங்கள்'. முக்காற்பங்கு வரை 'பல இடங்கள்'. அதற்கும் மேலாயின் 'பெரும்பாலான இடங்கள்'. ஒருநாளில் 2.5 மி.மீ.க்குக் குறைந்த தூறல் இக்கணக்கில் ஏறாது. ஆகவே, ஓர் ஊரில் தெருவை நனைத்த சாரல் அங்குள்ளார்க்கு மழை; கணக்கருக்கு மழையன்று. இவ்வளவுகோலை அறிவிப்பினூடே சொல்வார் அரியர். சொல் தமிழாக இருந்தும் பொருள் பூட்டியே கிடக்கின்றது.

மழை ஓரூரில் கொட்டி அடுத்த ஊரைக் காயவிடுவது ஏன்? முகிலை நோக்கின் விளங்கும். நண்பகல் வெயிலில் நிலங்காய, மேலுள்ள ஈரக்காற்று எழுகின்றது. எழுந்தோறும் குளிர்ந்து, அதன்கணுள்ள நீராவி தூசியையும் உப்புத்துகளையும் பற்றி நுண்டுளியாகின்றது. அந்நுண்டுளியின் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மி.மீ.; நிலத்தில் விழும் துளியோ 2 மி.மீ. அளவினது. அஃதாவது, பத்து நூறாயிரம் நுண்டுளிகள் ஒன்றினாலன்றி ஒரு மழைத்துளி இல்லை! இங்ஙனம் திரளும் இடிமுகில் 15 கிலோமீட்டர் உயரம் வரை ஓங்கும். ஆயினும் அதன் அகலம் சில கிலோமீட்டரே, வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மணிநேரமே. அஃது எவ்வூரின் மேல் எழும் என்று முதல்நாளே குறித்துச் சொல்லல் அரிது. அதனாலேயே 'ஓரிரு இடங்கள்' என்னும் சொல் பிறந்தது. அன்றைய வானத்தை அன்று பார்க்கும் கண் உழவர்க்கே உரியது. முகிலின் அடி கருத்து, உச்சி கொல்லன் பட்டடைபோல் தட்டையாக விரிந்து, புழுக்கத்தினூடே திடுமெனக் குளிர்காற்று வீசிற்றாயின், களத்துநெல்லை மூட வேண்டிய நேரம் அது.

நீரைக் கொண்டது கொண்டல், கருத்தது கார். முகிலின் செயலும் நிறமும் கண்டு பெயரிட்டவர் தமிழர். (இலண்டனில் 1802-இல் இலூக்கு ஓவர்டு என்பார் முகில்களைக் கீற்று, திரள், படை என வடிவுபற்றிப் பகுத்து இலத்தீனத்திற் பெயர் தந்தார். உலகெங்கும் இன்று வழங்கும் பகுப்புக்கு அதுவே அடி. பெயர்கள் இங்கு முன்பே இருந்தன என்று மார்தட்டுவார், பகுப்பு இங்கு ஏன் எழவில்லை என்பதையும் ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக.)

ஐப்பசி கார்த்திகையின் நிலை வேறு. கடலில் காற்றழுத்தம் தாழும்போது படைமுகில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி நிற்கும். அடைமழை அதனின்று வருவது. அதனூடே திரள்முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நிலத்தின்மேல் வந்து கவிழுமாயின் விளைவது பேரிடர். 2023 திசம்பர் 18 காலையோடு முடிந்த ஒருநாட் பொழுதில் காயற்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. பொருநையாறு கரை கடந்தது, ஊர்கள் தீவுகளாயின, திருவைகுண்டத்தில் தொடர்வண்டியோடு மக்கள் நூற்றுக்கணக்கில் சிக்கினர். அறிவிப்புக் காலத்தில் வந்ததா, இல்லையா என்று நடுவணரசும் மாநில அரசும் பின்னர் வழக்காடின.

அவ்வழக்கில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐக் கடந்தால் 'அதிகனமழை'. அதற்குமேல் படியே இல்லை. 21 செ.மீ.க்கும் அச்சொல், 95 செ.மீ.க்கும் அதே சொல்! முன்னதில் வரப்பு மூழ்கும். பின்னதில் வீட்டுக்கூரை வரை நீர் ஏறும். 'கன' எம்மொழிச்சொல் என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, 'அதி' வடமொழி முன்னொட்டு என்பதில் ஐயமில்லை. 'மாமழை' என்று மாற்றல் எளிது, மாற்றவும் வேண்டும். ஆயின் மாற்றியதனோடு கடமை முடிந்ததென்று அமைவாரால் ஓர் ஆட்டுக்குட்டியும் பிழைக்காது. சொல்லோடு அளவும், அளவோடு விளைவும் வருதல் வேண்டும்.

அங்ஙனம் சொல்லும் வழக்கம் இந்நாட்டுச் சிற்றூர்க்குப் புதிதன்று. 'ஓர் உழவு மழை', 'ஈருழவு மழை' என்பர் உழவர். ஏர் இறங்குமளவு மண் நனைந்ததா என்பதே அவ்வளவை. மேலிருந்து விழுந்ததை அன்று, மண் குடித்ததை அளந்த சொல் அது. எனினும் செம்மண்ணின் ஓருழவும் கரிசலின் ஓருழவும் ஒன்றாகா, ஆகலின் மி.மீ. அளவையும் உடன்வேண்டும். 1 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் 40,000 இலிட்டருக்குச் சற்று மிகுதி. காயற்பட்டினத்துக் கணக்கில் அஃது ஏக்கருக்கு 38 நூறாயிரம் இலிட்டர்.

நிலையமில்லாத ஊர்கள், தம் மழையைத் தாமே அளக்கத் தடை யாதுமில்லை. செங்குத்தான சுவரும் தட்டையான அடியும் உடைய கலம் ஒன்று, மரநிழலும் கூரைநீரும் படாத வெளி, ஓர் அளவுகோல், நாள்தோறும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து ஏட்டிற் குறிக்கப் பள்ளிப்பிள்ளை ஒருவர். இவ்வாண்டு ஐப்பசிக்கு முன்னரே தொடங்கலாம்.