நாளை மாலை கோவையில்

மார்ச் 8 அன்று நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பின் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். 2019 ஜனவரி–மார்ச் இதழுக்காக மாற்றாமல் தருகிறோம்.

மகளிர் தினத்தில் இவர் ஏன் கால்பந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று சிலர் முகத்தில் தெரிகிறது. அதனால் மகளிரிடமிருந்தே தொடங்கிவிடுகிறேன். போன வருடம் பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. மணிப்பூர் அந்தக் கோப்பையைத் திரும்பத் திரும்ப வாங்கிய அணி. நமக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஆட்டத்தில் கோல் அடித்த இந்துமதி கதிரேசன் நம் கடலூர் மாவட்டத்துப் பெண். பெண்கள் முடித்துக் காட்டிய காரியத்தை நாளை மாலை ஆண்கள் முடிப்பார்களா என்பதுதான் என் பேச்சு.

நாளை ஐ-லீக்கின் கடைசிச் சுற்று. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு ஆடுகிறது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு ஆடுகிறது. பெயர் சென்னை, ஆடுவது கோவை. குழம்ப வேண்டாம், இந்த சீசனில் அவர்களுக்குச் சொந்த மைதானம் கோவைதான்.

ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த லீக்கில் அரையிறுதி, இறுதி எதுவும் கிடையாது. 11 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஆட்டம், முடிவில் பட்டியலில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்குக் கோப்பை. அக்டோபரில் ஆரம்பித்து ஐந்து மாதம் சேர்த்த புள்ளிகள்தான் எல்லாம். சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லை இரண்டு முறை வென்றதே என்று பையன்கள் கேட்பார்கள். சந்தோஷம்தான், ஆனால் அது வேறு போட்டி. 1996-ல் தொடங்கிய தேசிய லீக்கையும் அதன் தொடர்ச்சியான ஐ-லீக்கையும் தமிழ்நாட்டு அணி எதுவும் இதுவரை வென்றதில்லை. இந்தியன் வங்கி அணி ஆடிய காலத்தில் மேலே ஏறியதே பெரிய விஷயம்.

கணக்கு எளிது. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. நாம் ஜெயித்தால் கோழிக்கோட்டில் என்ன நடந்தாலும் கவலை இல்லை. நாம் டிரா செய்து அவர்கள் ஜெயித்தால் 41-க்கு 42, கோப்பை கொல்கத்தாவுக்கு. அவர்கள் ஜெயிக்காவிட்டால் நாம் தோற்றாலும் கோப்பை நமக்கு. புள்ளி சமமானால் இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள், அந்த இரண்டிலும் ஜெயித்தது நாம்.

போன ஆட்டத்திலேயே இதை முடித்திருக்கலாம். சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்று, கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த அணியின் குணமே அதுதான். கோல் அடிப்பதிலும் தாராளம், வாங்குவதிலும் தாராளம். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தை உயரத் தூக்கி அடிக்க விடமாட்டார். காலுக்குக் கால் கொடுத்தே முன்னேற வேண்டும். பார்க்க அழகு, நடுவில் ஒரு பாஸ் தவறினால் நம் நெஞ்சு நின்றுவிடும். முன்னால் பெட்ரோ மன்சி, உருகுவேயில் பிறந்தவர். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தவர், இப்போது இருபதில் நிற்கிறார். நடுவில் ஸ்பெயின்காரர்கள் நெஸ்டரும் சாண்ட்ரோவும். அவர்களோடு நம் எட்வின் சிட்னி வான்ஸ்பால். வெளிநாட்டார் தயவில் ஜெயிக்கிறார்கள் என்று சொல்பவர்கள் எட்வின் ஓடுவதை ஒரு ஆட்டம் முழுக்கப் பார்க்கட்டும்.

மினர்வா இந்த ஆண்டு பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடக்கிறது. எனக்குப் பயமே அதனால்தான். அவர்கள்தான் நடப்புச் சாம்பியன், இழக்க ஒன்றுமில்லை. கடைசி நாள் என்பது என்ன என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். போன ஆண்டு இதே மார்ச் 8-ல் நான்கு அணிகளுக்கு வாய்ப்பிருந்தபோது சர்ச்சிலை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மிசோரத்தின் ஐஸ்வால் ஷில்லாங்கில் முதலில் கோல் வாங்கி, பிறகு சமன் செய்து, அந்த ஒரு புள்ளியால் சாம்பியன் ஆனது. மூன்றாவது வருடமாக இந்த லீக் கடைசி நாள் வரை வருகிறது.

மூன்றாம் மாடி வங்காள நண்பர் சிரிக்கிறார். அவர் ஈஸ்ட் பெங்கால். பிரிவினையில் கிழக்கு வங்கத்தை விட்டு வந்த குடும்பங்கள் நெஞ்சில் வைத்திருக்கும் அணி அது, 2020-ல் நூறு வயது. கடைசியாக தேசிய லீக் வென்றது 2004-ல். பதினைந்து வருடப் பசி என்றால் சும்மாவா? ஜெயித்தால் ஹில்சா மீன் சமைத்து எல்லா வீட்டுக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மீன் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் நாளை வேண்டாம்.

என் கணிப்பு: 2-1, இரண்டும் மன்சி. நான்கு பேர் இன்றிரவே விருத்தாசலம், சேலம் வழியாக பஸ் பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சங்க அறையில் டிவி. இரண்டாம் ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஸ்கோரை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பிளஸ் டூ பையன் முன்வந்திருக்கிறான். அவனைப் படிக்கச் சொல்லிவிட்டேன், நானே அனுப்புகிறேன்.

ஆசிரியர் குழு: மறுநாள் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்தது. இடைவேளை வரை 0-1. பிறகு மன்சியின் பெனால்டி, தற்காப்பு வீரர் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். சென்னை சிட்டி 3, மினர்வா 1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. 43-க்கு 42. மூன்றாம் மாடியிலிருந்து மீன் எப்படியும் வந்தது.