மோர்பாத்தின் கோயிற்கணக்கு

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் அமைந்த மோர்பாத், பதினாறாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 33 குடும்பங்களே வாழ்ந்த, ஆடு வளர்ப்பை நம்பியிருந்த சிற்றூர். அதன் புனித ஜார்ஜ் ஆலயம் கட்டடக்கலைச் சிறப்பால் பெயர்பெற்றதன்று. இருந்த பழைய தோற்றமும் 1875 முதல் 1880 வரை கட்டடக்கலைஞர் பட்டர்ஃபீல்டு மேற்கொண்ட திருப்பணியில் பெரிதும் மறைந்தது. ஆயினும் 1520இல் பங்குக் குருவாக வந்து, 1574இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றிய கிறிஸ்டோபர் டிரிக்கி எழுதிவைத்த வரவுசெலவுக் கணக்கு, அரசாணைகள் ஓர் எளிய ஊரின் கைப்பொருளை எப்படித் தொட்டன என்பதை அரசவை ஆவணங்களைவிட நெருங்கிக் காட்டுகிறது.

ஆலயத்தில் புனிதர் ஒவ்வொருவரின் சொரூபத்துக்கும் முன்னே விளக்கெரிக்கத் தனித்தனி நிதிகள் இருந்தன. இளைஞர்க்கு ஒன்று, மணமாகாப் பெண்களுக்கு ஒன்று என ஊராரும் நிதிகளாகப் பிரிந்திருந்தனர். பல நிதிகளின் முதல் ஆடுகளே. அவை தனி மந்தையாக மேயாமல் ஊரார் மந்தைகளுக்குள் பகிர்ந்து விடப்பட்டதால், கம்பளி விற்ற காசு மட்டுமன்றி, எவர் வீட்டில் ஆலயத்து ஆடு செத்தது என்பதும் கணக்கில் ஏறியது. ஆண்டுதோறும் இக்கணக்கு ஊரார்முன் உரக்கப் படிக்கப்பட்டது. ஆகவே அதன் நடையில் பதிவேட்டின் வறட்சியைவிடப் பேச்சின் ஓசையே மிகுதி.

இறந்தோர்க்கான திருப்பலியில் அணியும் கருநிறத் திருவுடைகளுக்காக டிரிக்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். அவை 1547இல் கைக்கு வந்தன. அவ்வாண்டிலேயே ஆறாம் எட்வர்டு அரியணையேற, அத்தகைய வழிபாட்டை ஒழிக்கும் ஆணைகளும் வந்தன. மறுஆண்டில் ஆலயத்து ஆடுகளே விற்கப்பட்டன. சிறுவனான அரசனின் பெயரால் ஆண்டோர்க்கு இது சமயத் தூய்மை. மோர்பாத்துக்கோ இளைஞரையும் பெண்களையும் நிர்வாகப் பொறுப்பில் அமர்த்திய ஓர் ஏற்பாட்டின் முறிவு.

1549 சூனில் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமாக்கப்பட்டதும் டெவனிலும் கார்ன்வாலிலும் கிளர்ச்சி வெடித்து, எக்ஸிட்டர் நகரம் முற்றுகையிடப்பட்டது. ஊர்ச் செலவில் வாளும் வில்லும் கொடுத்து ஐந்து இளைஞர் புனித டேவிட் மேட்டுப் பாசறைக்கு அனுப்பப்பட்டதைக் கணக்கு குறிக்கிறது. அவர்கள் அரசப் படைக்கே சென்றனர் எனக் கருதப்பட்டிருக்க, அம்மேடு கிளர்ச்சியாளரின் பாசறை என்று வரலாற்றாசிரியர் ஏமன் டஃபி 2001இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். செலவை மறைக்காமல் ஊரறிய எழுதியதை நோக்க, டஃபியின் வாசிப்பே பொருந்துகிறது. அரசுக்கு எதிரான செயல் என்பதைவிட ஊரின் பொதுக்கடமை என்றே அது அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1553இல் பழைய வழிபாட்டை மீட்ட மேரி அரசியானபோது, ஊரார் தத்தம் வீடுகளில் பாதுகாத்திருந்த ஆலயப் பொருள்கள் திரும்பி வந்தன. மீண்டும் புதிய வழிபாட்டைக் கொணர்ந்த எலிசபெத்தின் ஆட்சியில் அவையும் விலக்கப்பட்டன. டிரிக்கி மட்டும் விலகவில்லை. அவரைக் கொள்கையற்றவர் எனச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் அவர் பதவி துறந்திருந்தால் 33 குடும்பங்களும் தம்மைப் பெயர்சொல்லி அறிந்த குருவை இழந்திருக்கும். புதிய வழிபாட்டு நூலுக்கான செலவையும் அவரே கணக்கில் ஏற்றினார்.